ஐந்து வீசை அசோலா, ஆறு பால்டின் பொடி

அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியைக் காலையில் பாயில் பரப்பும்போது ஐந்து வீசை இருந்தது. இரண்டு கூடை நிறையப் பச்சை, கையில் அள்ளினால் முழங்கை வரை வழியும் தண்ணீர். பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. மூன்றாம் நாள் மாலை, காய்ந்து கலகலத்ததை உரலில் இடித்து, வீட்டில் அரிசி அளக்கும் பால்டின்னால் அளந்தேன். ஆறு டின் நிறையவில்லை. தராசில் வைத்தால் அரைக் கிலோ. மீதி ஏழரைக் கிலோவுக்கு மேல் தண்ணீராகவே இருந்து தண்ணீராகவே போய்விட்டது. நீர்ச்செடிகள் மீனுக்கு இலவசத் தீவனம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வருகிறது.

(வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே பர்மாவில் வீசை என்றால் 1.63 கிலோ. தமிழ்நாட்டில் என் பாட்டன் காலத்து வீசை 1.4 கிலோ. பெயர் தமிழ், அங்கே வழக்கொழிந்து போனது, இங்கே பர்மியர்கள் தங்கள் எடையளவால் காய்கறிச் சந்தையில் இன்றும் நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆங்கிலேயர் அந்த எடைக்கு நம் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார்கள்.)

எங்கள் குளம் யாங்கோனுக்குப் பக்கத்துத் தன்லியினிலிருந்து சௌத்தான் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. தன்லியின் என்றால் அத்தைக்கு விளங்காது. அவருக்கு அது இன்னும் பழைய பெயரில் சிரியம்தான். நூறடி நீளம், அறுபதடி அகலம், நல்ல மழையில் ஐந்தரை அடி ஆழம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கரை உடைந்ததை மாமா மறுபடியும் கட்டினார். அவர் போன பிறகு குளம் என் தலையில் விழுந்தது. முந்நூறு ரோகு, நாற்பது புல்கெண்டை, எண்பது ஙாகோன்மா (வெள்ளி நிறச் சிறு கெண்டை வகை). ரோகுவை இங்கே ஙாமிச்சின் என்பார்கள். பர்மாவில் குளம் வெட்டுகிறவன் முதலில் விடுவது அதைத்தான். ஊரில் எல்லாரையும் போல நானும் இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு கடலைப்பிண்ணாக்கு என்று கலந்து, ஓட்டை போட்ட சாக்குப் பையில் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டு வந்தேன்.

மாற்றம் தேடியதற்குப் பிண்ணாக்கின் விலை பாதிக் காரணம். மழைக்காலத்தில் வாங்கிய ஒரு மூட்டை மீதிக் காரணம். பிரித்துப் பார்த்தால் நடுக்கட்டி முழுக்க மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. நிலக்கடலையில் வரும் இந்தப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது மீனின் ஈரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. விற்ற கடைக்காரர், "மேலே தட்டிவிட்டுப் போடுங்கள், மீன்தானே" என்றார். மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தென்னைக்கு அடியிலும் போட மனமில்லாமல் மேட்டில் குழி வெட்டிப் புதைத்தேன்.

முதலில் கைவைத்தது பேடாவில். தமிழில் வெங்காயத்தாமரை. எங்கள் ஓடையில் படகு போக வழிவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்பது, யார் வெட்டினாலும் கேட்பாரில்லாதது. 1917-இலேயே பர்மாவில் ஆங்கிலேயர் இதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டவர்கள் போய்விட்டார்கள், பேடா இருக்கிறது. அவ்வளவு இருக்கும்போது அதையே மீனுக்குப் போட்டால் என்ன என்று தோன்றாத ஆளே இருக்க முடியாது. எனக்கும் தோன்றியது.

இரண்டு நாள் நறுக்கினேன். காம்பு உருண்டையாகக் காற்றடைத்த பந்து. கத்தி பட்டால் உள்ளே பஞ்சு. வேர் கறுத்த தாடி, அதில் ஓடையின் சேறு முழுவதும். வேரை முதலிலேயே கழித்துவிட்டேன். தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்றவை இருந்தால் இந்தச் செடி அவற்றை வேரில் இழுத்துச் சேர்த்துவைக்கும். சாக்கடைநீரைத் தூய்மையாக்க இதை வளர்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே எடுத்த பேடாவை நான் எதற்கும் தொடுவதில்லை. நறுக்கிய இலையைக் குளத்தில் கொட்டினேன். புல்கெண்டைகள் வந்தன, ஓரத்தைக் கடித்துப் பார்த்தன, போய்விட்டன. மற்றவை வரவே இல்லை. இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. பிடிகருணையைச் சரியாக வேகவைக்காமல் தின்றவருக்கு அந்த ஊசி தொண்டையில் என்ன செய்யும் என்று தெரியும். அதோடு நார். கெண்டை இனத்துக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது, நேராகக் குடல்தான். நார் மிகுந்தால் வந்த வழியே போய்விடும்.

தின்னாததை அன்றைக்கே அள்ளியிருக்க வேண்டும். "ஊறட்டும், ஊறினால் தின்னும்" என்று விட்டேன். நாலாம் நாள் விடியற்காலை நாய் குளத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தால் தண்ணீர்மட்டத்தில் நூற்றுக்கணக்கான வாய்கள், வட்டம் வட்டமாக, திறந்து மூடிக்கொண்டிருந்தன. அழுகும் செடி இரவெல்லாம் தண்ணீரிலிருந்த பிராணவாயுவைத் தின்றுவிட்டது. சூரியன் வந்து பாசி மறுபடி மூச்சு விடும் வரை மீனுக்கு மேல்மட்டத்துக் காற்றுதான் கதி. மின்சாரம் இல்லாத இரவு. பக்கத்து வயல்காரரின் டீசல் பம்பை எழுப்பி, குளத்து நீரையே இழுத்து உயரத்திலிருந்து குளத்தில் கொட்டினேன். ஏழு மணிக்கு வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. முப்பத்தேழு ரோகு மிதந்தன. பெரியவைதான் முதலில் போகும், போயின.

அதன் பிறகும் பேடாவை உடனே விடவில்லை. பிடிவாதம். இலையை மட்டும் வாடவைத்து, தவிடும் பனைவெல்லப் பாகும் கலந்து, நீல டிரம்மில் காலால் மிதித்து அடைத்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தேன். திறந்தபோது ஊறுகாய் வாடை, நிறம் புகையிலை போல. அழுகல் இல்லை, அந்த அளவில் வெற்றி. தவிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மீன் தின்கிறது. ஆனால் நறுக்கிய உழைப்பு, வெல்லம், டிரம் எல்லாவற்றையும் கூட்டினால் பிண்ணாக்கே மலிவு. பேடாவை மீனுக்குப் போடலாம் என்று எழுதுகிறவர்கள் அதை நறுக்கிப் பார்த்தவர்கள் அல்லர் என்பது என் துணிபு. இப்போது அது வாழைக்கு அடியில் மூடாக்காகப் போகிறது, வாழை நன்றாக இருக்கிறது.

அடுத்தது பொட்டுப்பாசி. லெம்னா என்பார்கள் படித்தவர்கள். குட்டைமேல் பச்சைப் பொட்டாக மிதப்பது, ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே நூல் போல ஒரு வேர். சாலைக்கு அந்தப் பக்கம் வாத்து வளர்க்கும் பர்மியர் ஒருவர் இருக்கிறார். சித்தப்பா முறை வைத்து ஊலே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குட்டையில் பாசி கம்பளமாக மிதக்கும். ஒரு வாளி கேட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு வாளி கொடுத்துவிட்டு, "வேரைப் பார்த்து எடு தம்பி" என்றார். நீள வேர் இருந்தால் பசித்த பாசி, வாத்துகூட ஆர்வமாகத் தின்னாதாம். குட்டை வேர் என்றால் கொழுத்த பாசி. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஊலே சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. தண்ணீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி வெளுத்து, வேரை நீட்டித் தேடும். உலர்எடையில் புரதம் பதினைந்து சதவீதம்கூட வராது. சத்துள்ள நீரில் வேர் ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கும், புரதம் முப்பதுக்கு மேல் போகும். அதே செடி, அதே பெயர், பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆகவே பொட்டுப்பாசியில் இத்தனை சதவீதம் புரதம் என்று ஒரே எண்ணைச் சொல்கிறவரிடம், எந்தக் குட்டையில் என்று கேட்க வேண்டும்.

மாட்டுக்கொட்டகையைக் கழுவும் நீர் இறங்கும் பள்ளத்தை அகலப்படுத்தி அதில் விட்டேன். பத்து நாளில் மூடிக்கொண்டது. தினமும் கால்வாசிக்கு மேல் அள்ளக் கூடாது. அள்ளாமலும் விடக் கூடாது, அடியிலிருப்பது நிழலில் அழுகும். குளத்தில் அப்படியே தூவினால் காற்று அதை ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகிறது. நிறையப் போட்டால் குளத்தையே மூடி வெயிலைத் தடுக்கிறது, ரோகு உண்ணும் நுண்பாசி செத்துப்போகிறது. அதற்காக ஐந்தடிக்கு ஐந்தடி மூங்கில் சட்டம் கட்டி மிதக்கவிட்டேன். பாசி சட்டத்துக்குள்ளேயே கிடக்கும், மீன் கீழிருந்து வந்து தின்னும். எவ்வளவு தின்றது என்பதும் கண்ணால் தெரியும்: மாலைக்குள் சட்டம் காலியானால் மறுநாள் கொஞ்சம் கூட்டு, மிஞ்சினால் குறை. தராசைவிட இது நம்பகமானது.

ஙாகோன்மாதான் இதற்குப் பிறந்த மீன். சட்டத்தின் கீழே மழை பெய்வது போலச் சளசளவென்று ஓசை கேட்கும். புல்கெண்டையும் தின்னும். ரோகு வந்து வாய்வைத்துப் போகும், அவ்வளவுதான்.

பாசியோடு வேறொன்றும் வந்தது. இரண்டு மாதம் கழித்து மூங்கில் சட்டத்தில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, இளஞ்சிவப்பில் குருமிளகுக் கொத்துப் போல ஏதோ ஒட்டியிருந்தது. என் மகள் பூ என்று பறிக்கப் போனாள். பொன்நத்தையின் முட்டை. நெல்நாற்றைக் கத்தரிக்கும் அதே நத்தை. ஊலேயின் வாளியில் கடுகளவில் வந்திருக்கும். இப்போது வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும் ஒரு வாரம் சிமென்ட் தொட்டியில் தனியே கிடந்து, வெள்ளைத் தட்டில் அலசிப் பார்த்த பிறகே உள்ளே போகிறது. சிவப்புக் கொத்தைக் கண்டால் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் போதும், முட்டை மூழ்கினால் பொரிக்காது.

அசோலாவுக்கு வருகிறேன். இது பெரணி இனம். இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், தண்ணீரில் தழைச்சத்து இல்லாவிட்டாலும் வளரும். ஆனால் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸுக்கு) அதனிடம் மாயம் எதுவும் இல்லை. பன்னிரண்டடிக்கு ஆறடியில் இரண்டு பாத்தி. சுற்றிலும் செங்கல், மேலே தார்ப்பாய், மூன்று விரல் சலித்த மண், கரைத்த சாணம், ஒரு சாணுக்குக் குறைவாகத் தண்ணீர். தை மாதக் குளிரில் பாத்தி நாலே நாளில் இரண்டு மடங்கானது. மாசி கடைசியில் சிவக்கத் தொடங்கியது. வெயில் என்று நினைத்து நிப்பாப் பனை ஓலையில் பந்தல் போட்டேன், பாதி தெளிந்தது. மீதி மணிச்சத்துப் பசி. ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட்டைத் துணியில் முடிந்து ஊறவைத்ததும் ஒரு வாரத்தில் பச்சை திரும்பியது.

பங்குனியில் நானே கெடுத்தேன். கிணறு வற்றியதால் ஓடைநீரை மொண்டு பாத்தியில் ஊற்றினேன். கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைய, கடல்நீர் ஏற்றத்தோடு எங்கள் ஓடை வரை வந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மீன் அந்த அளவு உப்பைத் தாங்கும், அசோலா தாங்கவில்லை. மூன்று நாளில் பாத்தி முழுவதும் பழுப்பு. தண்ணீர்த் திருவிழாவில் ஊரே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டு குடம் நல்ல தண்ணீருக்குத் தெருத்தெருவாக அலைந்தேன்.

இப்போது கணக்கு. இரண்டு பாத்தியும் நன்றாக இருக்கிற நாளில் ஒன்றரை வீசை பச்சையாகக் கிடைக்கும். உலர்ந்தால் நூற்றைம்பது கிராம். குளத்துக்கு நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ உலர்தீவனம் வேண்டும், அதில் பிண்ணாக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. பிண்ணாக்கில் நாலில் ஒரு பங்கை அசோலாவால் மாற்றுவதற்கே இன்னும் இரண்டு பாத்தி கட்ட வேண்டும். அதுவும் எடைக்கு எடை மாற்றினால் புரதம் குறையும். நல்ல பிண்ணாக்கில் நாற்பது சதவீதத்துக்கு மேல், அசோலாவில் இருபது, இருபத்தைந்து. ஒரு நல்லது என்னவென்றால், கடலைப்பிண்ணாக்கில் குறையாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பச்சைச் செடிகளின் புரதத்தில் மேலாக இருக்கிறது. கொஞ்சமாகச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும்.

பொடியை அப்படியே தூவினால் காற்றோடு போகிறது. ஆகவே பிழிந்து உலர்த்த முடிவு செய்தேன். தவிடு எட்டுப் பங்கு, பிண்ணாக்கு மூன்று, அசோலாப் பொடி ஒன்று. குருணைக் கஞ்சியை ஆறவைத்து ஊற்றிப் பிசைய வேண்டும். பதம் சப்பாத்தி மாவைவிட இறுக்கம், புட்டு மாவைவிடத் தளர்ச்சி. பிழிவதற்கு வீட்டில் இருந்த ஒரே கருவி அத்தையின் இடியாப்ப உரல். பித்தளை, அவர் அம்மா கொடுத்தது. கேட்காமல் எடுத்தேன். நாலாவது பிழியில் அத்தை வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு எனக்கும் இதிலேயே பிழிந்து தருவீர்களா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பிழிந்தது நன்றாகவே வந்தது. தேங்காய் நார்ச்சல்லடையில் இரண்டு வெயில் காய்ந்ததும் விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடியும். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நாலு துண்டு போட்டுக் கடிகாரம் பார்த்தேன். முதல் தடவை ஐந்து நிமிடத்தில் கலங்கிக் கரைந்தது, கஞ்சி நீர்த்திருந்தது. கஞ்சியைக் கெட்டியாக்கி, பிசைந்ததை அரைமணி ஆவியில் வேகவைத்துப் பிழிந்த பிறகு இருபது நிமிடம் உருவம் குலையாமல் நின்றது. ரோகு மெதுவாகத் தின்னும் மீன், அந்த இருபது நிமிடம் அதற்கு வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொசுவலைத் துணியில் மூன்று கூண்டு தைத்துக் குளத்திலேயே கட்டினேன். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து ரோகுக் குஞ்சு. ஒன்றுக்குப் பழைய கலவை, ஒன்றுக்குப் பிண்ணாக்கில் கால்பங்கு அசோலா, ஒன்றுக்குப் பாதிப் பங்கு. எட்டு வாரம். முதல் இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒன்று. இருந்த வித்தியாசம் தராசுமுள்ளின் நடுக்கத்துக்குள் அடங்கும். பாதிப் பங்கு போட்டது நாலில் ஒரு பங்கு பின்தங்கிவிட்டது, மீனும் ஒல்லி. ஒரே ஒரு குளத்தில் ஒரே ஒரு தடவை செய்தது இது. என் வீட்டுக்கு இது போதும், உங்கள் வீட்டுக்கு நீங்கள் கூண்டு தையுங்கள்.

ஆனி மழையில் உலர்த்துவது நின்றுபோனது. பாயில் போட்டது இரண்டாம் நாளே நூல்விட்டது. அடுப்புக்கு மேலே கருவாடு காயும் பரணில் வைத்தேன். காய்ந்தது, ஆனால் விறகு யார் வீட்டு விறகு? அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரில் கிடக்கும் தண்ணீர்ச் செடியைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவந்து, விறகு வைத்து அதன் தண்ணீரை விரட்டி, மறுபடி தண்ணீரிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். பச்சையாகத் தின்னத் தெரிந்த மீன் அதே குளத்தில் இருக்கும்போது.

அதனால் பகுத்துக்கொண்டேன். வைகாசி முதல் ஐப்பசி வரை எல்லாம் பச்சையாகப் புல்கெண்டைக்கும் ஙாகோன்மாவுக்கும். சட்டத்தில் பாசி, இன்னொரு சட்டத்தில் கஸூன். கஸூன் என்றால் வள்ளைக்கீரை. கரையோரம் ஒரு தண்டு ஊன்றினால் தண்ணீர்மேல் தானே படரும். நுனி எங்கள் குழம்புக்கு, முற்றிய தண்டு மீனுக்கு. புல்கெண்டைக்குத் தொண்டையில் பல் உண்டு. தண்டை அது இழுத்து அரைக்கும் சத்தம் கரையில் நின்றால் கேட்கும், மாடு வைக்கோல் மெல்லுவது போல. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமல் சாணமாக வெளியே வருகிறது. முதலில் இதை நட்டம் என்று நினைத்தேன். அந்தச் சாணத்தில் நுண்பாசி பெருகி, தண்ணீர் இளம்பச்சையாகி, ரோகு அதைத் தின்கிறது. பச்சைச் செடியை நேராக வாங்க மறுத்த ரோகு, புல்கெண்டையின் வயிறு வழியாக வாங்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் பிண்ணாக்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் மீன் இளைக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தண்ணீரில் முழங்கை மடியும் வரை கையை விட்டால் விரல்நுனி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குக் கீரை கிடையாது. அந்த விடியற்காலை வாய்களை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கார்த்திகை பிறந்து வெயில் காய்ந்த பிறகுதான் உலர்த்தலும் பிழியலும், அதுவும் ரோகுவுக்காக மட்டும்.

மூன்றாவது, நாலாவது பாத்திக்குச் செங்கல் வந்துவிட்டது, தார்ப்பாய் இன்னும் வரவில்லை. அத்தைக்குத் தன்லியின் சந்தையில் புது இடியாப்ப உரல் வாங்கிவந்தேன், அலுமினியம். ஒரு வேளை பிழிந்து பார்த்தார். மறுநாள் காலை அலுமினிய உரல் தீவனக் கொட்டகையில் இருந்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துச் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்தார். அலுமினியத்தில் ஓட்டை சிறிது, நூல் மெலிசாக வருகிறது. துளைபோட ஆணி தேடிக்கொண்டிருக்கிறேன்.